18 மடிப்பு விசிறி

அரைமண்டியில், அதாவது முழங்காலை வெளிப்பக்கம் மடித்துப் பாதி உட்கார்ந்தால், கால்களுக்கு நடுவில் இருக்கும் மடிப்பு விசிறி விரிய வேண்டும். பார்பிக்குப் பரதநாட்டிய உடை தைக்கும்போது நான் விட்டுக்கொடுக்காத ஒரே விஷயம் இதுதான். மடிப்பைப் பசை வைத்து ஒட்டி, நிற்பதற்கு மட்டும் அழகாக இருக்கிற பொம்மை உடைகளைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. ஆட முடியாத உடையை எப்படி ஆட்ட உடை என்பது?

ஐந்தாம் வகுப்பு ஆண்டு விழாவில் எனக்கு வாடகை டிரஸ். என்னைவிட நாலு வயது மூத்த பெண்ணுக்குத் தைத்தது. இடுப்பைச் சுற்றி ஊக்கு குத்தி நிறுத்தியிருந்தார்கள். முதல் உருப்படியான அலாரிப்பில் முதல் தடவை உட்கார்ந்ததுமே ஓர் ஊக்கு திறந்து தொடையில் ஏறியது. அதற்குப் பிறகு நான் முழுசாக உட்காரவே இல்லை. கீழே வந்ததும் டீச்சர், "ஏன் பிள்ளே, கம்பு மாதிரி நின்ன?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் அழுதேன். அந்த உடையின் பச்சை நிறம்கூட இன்னும் கண்ணில் நிற்கிறது.

தைத்து மாட்டும் நாட்டிய உடை ரொம்பப் பழையது ஒன்றுமில்லை. அதற்கு வழி போட்டவர்களில் பரதநாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி முக்கியமானவர். 1935இல் அடையாறில் மேடையேறிய அவர், கோயில் சிற்பங்களைப் பார்த்து உடையை யோசித்தார். தைக்க உதவியவர் ஓர் இத்தாலியப் பெண். இதைப் படித்த நாளிலிருந்து, மெஷினில் உட்காரும்போதெல்லாம் அந்தத் தையல்காரப் பெண்ணை நினைத்துக்கொள்வேன். சேலைக் கொசுவத்தைக் கால்சட்டையாகவும் விசிறியாகவும் பிரித்து வெட்ட எத்தனை துணி வீணாகியிருக்கும்!

பார்பியின் உயரம் 11.5 அங்குலம், அதாவது ஆளில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அளவை ஆறால் வகுத்தால் முடிந்தது என்றுதான் நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். அளவு வகுபடும், துணியின் கனம் வகுபடாது. காஞ்சிபுரம் பட்டில் மூன்று மடிப்பு வைத்தாலே பொம்மைக்கு வயிறு தள்ளிவிடும். கரையும் அப்படித்தான். நாலு அங்குலக் கரைக்குப் பொம்மையில் முக்கால் அங்குலம்கூட இடம் கிடையாது. பெரிய கரையில் பாதியை வெட்டி வைத்தால் யானைக்குத் தும்பிக்கை மட்டும் தெரிகிற மாதிரி இருக்கும். கடைசியில் கரை கிடைத்தது அப்பாவின் பழைய அங்கவஸ்திரத்தில். அரை அங்குல ஜரிகைக் கரை, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது. அம்மாவிடம் கேட்டபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு அவளே கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தாள்.

உடம்புத் துணி அரக்கு நிற சில்க் காட்டன், ஜாக்கெட் பிட்தான். விசிறிக்கு 18 சென்டிமீட்டர் நீளம் வெட்டினேன். அரை சென்டிமீட்டர் ஆழத்தில் 18 மடிப்பு. விரலால் மடித்தால் பத்தாவது மடிப்பில் கோணும். அதனால் இரண்டு பழுப்புக் காகிதத்தில் கோடு போட்டு, காகிதத்தை முதலில் மடித்துக்கொண்டேன். நடுவில் துணியை வைத்து மூன்றையும் சேர்த்து மடித்து, நூலால் கட்டி, ஈரத் துணி போட்டு இஸ்திரி. அவசரப்பட்டுச் சூட்டோடு பிரித்தால் அத்தனை வேலையும் போச்சு. நான் ராத்திரி முழுக்க அம்மிக்கல்லுக்கு அடியில் வைத்துவிட்டேன். காலையில் பிரித்தபோது கத்தி முனை மாதிரி மடிப்பு. மேல் ஓரத்தை மட்டும் இறுக்கித் தைத்து, இரு பக்கத்து ஓரங்களையும் இரண்டு கால்சட்டைகளின் முன்பக்கத்தில் இணைத்தேன். அடி ஓரம் சும்மா இருக்க வேண்டும். அங்கே ஒரு தையல் விழுந்தாலும் விசிறி திறக்காது.

ஜரிகை ஓரம் பிரியாமலிருக்க நிறமில்லாத நகப்பூச்சு ஒரு கோடு. ரவிக்கைக்கு அளவு எடுக்க, பொம்மையின் மார்பில் பாலிதீன் சுற்றி, மேலே செலோடேப் ஒட்டி, தையல் வரும் இடங்களைப் பேனாவால் வரைந்து, வெட்டி உரித்தால் அதுவே பேட்டர்ன். தலை பெரிசு என்பதால் ரவிக்கையை முதுகுப் பக்கம்தான் திறக்க வேண்டும். கைவிரல் சட்டைக்குள் மாட்டாமலிருக்க ஒரு துண்டு பாலிதீனைக் கையில் சுற்றி நுழைப்பேன்.

இத்தனையும் செய்துவிட்டு ஒன்றை மறந்தேன். அரக்குத் துணியை உப்புத் தண்ணீரில் அலசவில்லை, உள்ளே வெள்ளை மல் வைக்கவுமில்லை. இரண்டு வாரம் கழித்துக் கழற்றினால் இரண்டு தொடையிலும் ரோஸ் நிறக் கறை. பொம்மையின் வினைல் பிளாஸ்டிக் சாயத்தைக் குடித்துவிடும், சோப்புக்குப் போகாது. முகப்பருவுக்குப் போடுகிற பென்சாயில் பெராக்சைடு களிம்பைத் தடவி, மற்ற இடத்தையெல்லாம் துணியால் மூடி, மாடி வெயிலில் மூன்று நாள் வைத்தேன். முக்கால்வாசி போனது. இப்போதெல்லாம் உள்துணி இல்லாமல் அடர் நிறத்தைத் தொடுவதில்லை.

பொம்மை மேடை உடை என்றால் எனக்குப் பாடம் 1960இல் பார்பிக்கு வந்த பாடகி உடை. உடம்போடு ஒட்டிய பளபளக்கும் கறுப்பு கவுன், அடியில் வலைத்துணி விரிப்பு, அதில் ஒரு ரோஜா, பக்கத்தில் குட்டி மைக். அந்தக் காலத்துப் பார்பி உடைகளை உருவாக்கியவர் சார்லட் ஜான்சன், தைத்தது ஜப்பானில். படத்தைப் பெரிதாக்கி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். முழங்காலுக்கு மேல் இறுக்கம், கீழே மட்டும் விரிவு. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கும் உருவம் தெளிவாகத் தெரியும். மேடை உடையின் கணக்கு அதுதான். கொலுப் படியில் வைக்கும் பொம்மைக்கும் அதே கணக்கு. பக்கத்தில் வந்து பார்க்கிறவர்கள் குறைவு, வாசலிலிருந்து பார்க்கிறவர்கள்தான் அதிகம்.

ஆனால் அந்தப் பழைய பொம்மை அரைமண்டி உட்காராது. குதிகால் செருப்புக்காகவே எக்கி நிற்கும் பாதம் அது. நான் தைத்தது 22 மூட்டு உள்ள 'மேட் டு மூவ்' பார்பிக்கு. தொடை வெளிப்பக்கம் திரும்பும், முழங்கால் மடியும்.

நகைக்கு அலைய வேண்டியதில்லை, எங்கள் ஊர் நாகர்கோவில். வடசேரிக் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. உடைந்த ஜிமிக்கி ஒன்றிலிருந்து எடுத்த சிவப்புக் கல் ஐந்து ஒட்டியாணமானது. சலங்கைக்குக் கடுகளவு பொன்னிற மணி, மூன்று வரிசை.

போன நவராத்திரிக்கு முந்தின நாள் ராத்திரி, உடையை மாட்டி, பொம்மையின் முழங்காலை மெல்ல மடித்தேன். கை நடுங்கியது. பக்கத்தில் அக்கா மகள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மடிப்பாக விலகி, அப்பாவின் கரை அரைவட்டமாக வந்து நின்றது.

"சித்தி, விரிஞ்சிட்டு!" என்றாள்.

மடக்கி மறுபடி நிற்க வைத்தேன். மறுபடி உட்கார வைத்தேன். கொலு முடிகிற வரைக்கும் அவள் போகிற போக்கில் அதை உட்கார வைத்துவிட்டுத்தான் போவாள்.

இந்த வருஷம் கரகாட்டம். உடை பாதி முடிந்தது. கரகம் செய்ய ஒரு புன்னைக்காய் ஓட்டைத் தேய்த்து வைத்திருக்கிறேன், தலையில் நிற்கிறதா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.