விடுவிப்புக் கடிதத்துக்காக வீணாய்ப் போன மூன்று கிழமை

மாலைதீவில் சம்பளத்துக்கு ஆடிவிட்டு வந்த ஒரு பொடியனை எங்கள் மட்டக்களப்பு உதைபந்தாட்டக் கழகத்தில் பதியப் போய்ப் படித்த பாடங்கள் இவை. ஒப்பந்தக் காலம் முடிந்த வீரருக்குப் பழைய கழகத்தின் விடுவிப்புக் கடிதம் தேவையே இல்லை. இது தெரியாமல் மூன்று கிழமையாக மாலைதீவுக் கழகத்துக்கு வாட்ஸ்அப் அனுப்பிக்கொண்டிருந்தோம். தேவைப்பட்டது சர்வதேச மாற்றுச் சான்றிதழ், அதாவது ஐடிசி. அதைத் தருவது அந்த நாட்டு உதைபந்தாட்டச் சங்கம். பிஃபாவின் டிஎம்எஸ் என்ற இணையவழி வீரர் மாற்ற முறை வழியாகக் கேட்க வேண்டியது இலங்கைச் சங்கம். கட்டணம் இல்லை, யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். "ஃப்ரீ ஏஜென்ட்தானே" என்று ஐடிசி வராமல் வெபர் மைதானத்தில் இறக்கிவிடாதீர்கள். சம்பளம் வாங்காத வீரர் என்றாலும் வெளிநாட்டில் பதிவாகியிருந்தால் அது வேண்டும்.

அடுத்த வில்லங்கம் பெயர். எங்கள் பதிவேட்டில் தகப்பன் பெயர் வெறும் முதலெழுத்து. மாலைதீவிலோ கடவுச்சீட்டைப் பார்த்து, தகப்பன் பெயரையே குடும்பப் பெயராகப் பதிந்துவிட்டார்கள். இரவுக் கோச்சி பிடித்துக் கொழும்பில் இலங்கைச் சங்கத்துக்குப் போனால், "ரெண்டும் ஒராள்தான் எண்டு சத்தியக் கடதாசி கொண்டாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். மட்டக்களப்பிலேயே சமாதான நீதவானிடம் அரை மணித்தியாலத்தில் முடிந்திருக்கும் வேலை. கடவுச்சீட்டுப் பிரதியோடு, ஒப்பந்த முடிவுத் திகதி உள்ள பக்கத்தையும் முதலே எடுத்து வையுங்கள்.

நாங்கள் சம்பளம் கொடுக்கிற கழகமில்லை. ஆகவே அவர் அமெச்சூராகத்தான் பதிய வேண்டும். தொழில்முறை வீரராக ஆடிய கடைசி ஆட்டத்திலிருந்து 30 நாள் கழியாமல் அது முடியாது. கடைசி லீக் ஆட்டத்திலிருந்து எண்ணிவிட்டோம். அதன்பிறகு ஒரு கிண்ணப் போட்டியில் மாற்று வீரராக ஏழு நிமிடம் ஓடியிருக்கிறார்! எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. இன்னொன்று: அமெச்சூராகப் பதிந்து 30 மாதத்துக்குள் அவர் திரும்பத் தொழில்முறைக்குப் போனால், எடுக்கும் கழகம், அவரைப் பயிற்றுவித்த கழகங்களுக்குப் பயிற்சி இழப்பீடு கட்ட நேரலாம். பொடியனிடம் இதைச் சொல்லிவிட்டே கையெழுத்து வாங்குங்கள்.

டிஎம்எஸ்ஸில் ஐடிசி கோரிக்கை ஏறிய பிறகு சிக்கல் இல்லை. மாலைதீவுச் சங்கத்துக்கு அப்போது ஏழு நாள் அவகாசம் இருந்தது. நாலாம் நாளே வந்தது.

அவருக்கு அங்கே ஒரு மாதச் சம்பளப் பாக்கி உண்டு. அதைக் கேட்டால் ஐடிசியை மறிப்பார்களோ என்று பயந்தார். பணத் தகராறுக்காக அதை மறிக்க முடியாது. பாக்கிக்குப் பிஃபாவிடம் தனியாக முறையிடலாம், ஆனால் இரண்டு வருடத்துக்குள்.