பிட்ஸ்பர்க்கில் இருந்துகொண்டே பிட் ஆட்டம் பார்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிட் பாந்தர்ஸ் என்பது பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி, சுருக்கமாக பிட். அதன் வழக்கமான சீசனில் 12 ஆட்டங்கள். பிட்ஸ்பர்க் ஊருக்குள்ளேயே இருந்தாலும் அந்த 12-ஐயும் டிவியில் பார்க்க ஒரே சந்தா போதாது. "எல்லா விளையாட்டும் இதில் வந்துவிடும்" என்று சொல்லித்தான் எங்களுக்கு விற்றார்கள், நம்பிக் காசைக் கட்டினோம். ஆட்டம் தொடங்கிய பிறகு ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சேனல் சேனலாக ஓடியதுதான் மிச்சம்.

இந்த ஊரில் இது புதிதில்லை. பிட் சேர்ந்திருக்கும் கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு ஏசிசி (இப்படிப்பட்ட கூட்டமைப்பைத்தான் கான்ஃபரன்ஸ் என்பார்கள்). அதன் சேனலான ஏசிசி நெட்வொர்க் 2019 ஆகஸ்ட் 22 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. பிட்ஸ்பர்க்கில் பெரும்பாலான வீடுகளுக்குக் கேபிள் கொடுக்கும் காம்காஸ்டில் அந்தச் சேனல் வந்ததோ 2021 டிசம்பரில்தான். இடையில் மூன்று சீசன் போய்விட்டது. அதில் மூன்றாவது, பிட்டின் நட்சத்திர வீரர் கென்னி பிக்கெட் ஆடி பிட் ஏசிசி பட்டம் வென்ற சீசன். வேக் ஃபாரஸ்டை 45-21 என்று வென்ற இறுதி ஆட்டம் ஏபிசியில் வந்ததால் ஊரே பார்த்தது. அந்த மூன்று வருடமும் ஏசிசி நெட்வொர்க்கில் போன ஆட்டங்களைக் கேபிள் வைத்திருந்தவர்கள் பக்கத்து வீட்டிலோ மதுக்கடை டிவியிலோதான் பார்க்க வேண்டியிருந்தது.

பட்டியலைப் படிப்பதில்தான் முதல் தவறு நடக்கும். ஒளிபரப்பு உரிமை சொந்த மைதானத்தில் ஆடும் அணியின் கான்ஃபரன்ஸுக்குச் சேர்ந்தது. பிட் உள்ளூரில் ஆடினால் ஏசிசி ஒப்பந்தப்படி ஏபிசி, ஈஎஸ்பிஎன் குடும்பம், ஏசிசி நெட்வொர்க், சிடபிள்யூ ஆகியவற்றில் ஏதாவது ஒன்று. நோட்ர டேம் அணியின் ஊருக்குப் போனால் என்பிசி. வேறு கான்ஃபரன்ஸ் அணியின் மைதானத்துக்குப் போனால் அவர்கள் யாரோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்களோ அங்கே. "ஏசிசி சேனல் வாங்கியாச்சு, எல்லாம் வரும்" என்று நினைத்தால் செப்டம்பரிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

1984க்கு முன்பு எந்த ஆட்டம் டிவியில் வரும் என்பதைக் கல்லூரி விளையாட்டுகளின் தலைமை அமைப்பான என்சிஏஏ தீர்மானித்தது. அந்த வருடம் ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் 7-2 என்று அந்தக் கட்டுப்பாட்டை உடைத்தது. எதிர்த்து எழுதிய நீதிபதி பைரன் வைட், கொலராடோ பல்கலைக்கழகத்துக்காக ஆடிப் பெயர் வாங்கிய ஃபுட்பால் வீரர். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு டிவியில் வரும் ஆட்டங்கள் பெருகின, அதை மறுக்கவில்லை. கூடவே உரிமை துண்டு துண்டாகி, ஒவ்வொரு துண்டும் ஒரு சந்தாவாக நம் தலையில் விழுந்தது.

தொடங்கும் நேரமும் சேனலும் பெரும்பாலான ஆட்டங்களுக்கு 12 நாள் முன்பு, திங்கட்கிழமைதான் உறுதியாகும். சில வாரங்களில் அதையும் தள்ளிப்போட்டு 6 நாள் முன்பு சொல்வார்கள். அதாவது முந்தைய சனிக்கிழமை ஆட்டங்கள் முடிந்து, மறுநாள் ஞாயிறு. சீசனின் முதல் சில வாரங்கள் மட்டும் கோடையிலேயே தெரிந்துவிடும். ஆகவே வருடச் சந்தா எதற்கும் ஜூலையில் கை நீட்டாதீர்கள்.

எங்களை மிகவும் படுத்தியது சிடபிள்யூதான். 2023இல் ஏசிசி ஆட்டங்களில் ஒரு பங்கு அங்கே போனது. அதே வருடம் செப்டம்பர் 1 அன்று பிட்ஸ்பர்க்கில் சிடபிள்யூ 19ஆம் எண் சேனலை விட்டு 22க்கு மாறிவிட்டது. எட்டு நாள் கழித்து, செப்டம்பர் 9 மாலை, பிட்-சின்சினாட்டி ஆட்டம் சிடபிள்யூவில். பழைய எண்ணைப் பிடித்து உட்கார்ந்தவர்களுக்கு வேறு ஏதோ நிகழ்ச்சி ஓடியது. இதில் கற்றது: சேனல் எண்ணை நம்பக் கூடாது, நிலையத்தின் பெயரை நம்ப வேண்டும். இங்கே சிடபிள்யூவைக் கொடுக்கும் 22ஆம் எண் நிலையத்தின் பெயர் டபிள்யூபிஎன்டி, அப்படித் தேடினால் சரியான இடத்துக்குப் போகும்.

ஸ்ட்ரீமிங்கில் இன்னொரு வில்லங்கம். எந்தெந்த உள்ளூர் நிலையம் கிடைக்கும் என்பது ஜிப் கோடுக்கு (அமெரிக்க அஞ்சல் குறியீடு) ஜிப் கோடு மாறும். விளம்பரத்தில் சிடபிள்யூவின் சின்னம் இருக்கும், உங்கள் ஊர் நிலையத்தோடு அந்தச் சேவைக்கு ஒப்பந்தம் இல்லையென்றால் உங்கள் பட்டியலில் மட்டும் அது இருக்காது. சந்தா கட்டும் முன் அவர்கள் தளத்திலேயே ஜிப் கோடைப் போட்டு வரும் பட்டியலைப் படம் எடுத்து வையுங்கள். எங்களிடம் அந்தப் படம் இருந்ததால்தான் எங்கள் ஊர் சேனல்கள் வராத மாதத்தின் பணம் திரும்பி வந்தது.

பணம் சுலபமாக வந்துவிடவில்லை. சாட்டில் வந்த முதல் ஊழியர் ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னார். இரண்டாமவர் ரௌட்டரை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் போடச் சொன்னார். மூன்றாமவர்தான் எங்கள் இருப்பிடம் ஃபிலடெல்ஃபியா என்று பதிவாகியிருப்பதைப் பார்த்துச் சொன்னார். காரணம், செல்ஃபோன் நிறுவனத்தின் 5ஜி வீட்டு இணையம். அந்த இணைப்பின் முகவரி நீங்கள் இருக்கும் ஊரை அல்ல, அந்த நிறுவனம் இணையத்தோடு இணையும் நுழைவாயில் இருக்கும் ஊரைக் காட்டும். ஐந்து மணி நேரம் காரில் போக வேண்டிய ஊரின் உள்ளூர் சேனல்கள் எங்கள் டிவியில் வந்தது அதனால்தான்.

தீர்வு இருக்கிறது, யாரும் தானாகச் சொல்வதில்லை. டிவி ஆப்பில் அமைப்புகளுக்குள் 'இருப்பிடம்' என்ற பகுதி இருக்கும். அங்கே 'ஃபோன் மூலம் உறுதி செய்' என்பதைத் தேர்ந்தெடுத்து, ஃபோனில் வைஃபையை அணைத்து, ஜிபிஎஸ் அனுமதி கொடுத்து, அதே கணக்கில் திறக்க வேண்டும். இதைச் சனிக்கிழமை காலையில் செய்யாதீர்கள். எங்கள் சேவையில் வீட்டு இருப்பிடத்தை வருடத்துக்கு 2 முறைதான் மாற்ற முடியும். பதற்றத்தில் தவறான ஊரை அழுத்தி ஒரு வாய்ப்பை வீணாக்கினோம்.

இத்தனையும் பட்ட பிறகுதான் ஆன்டெனா. சிடபிள்யூ, ஏபிசி, என்பிசி மூன்றும் காற்றில் இலவசம். ஒரு முறை செலவு, மாதக் கட்டணம் இல்லை. ஆனால் பிட்ஸ்பர்க் மலை நகரம். அங்கேதான் சங்கதி.

கடையில் இருந்தவர் "150 மைல் பிடிக்கும்" என்று அட்டையில் போட்ட, ஆம்ப்ளிஃபயர் வைத்த தட்டை ஆன்டெனாவைக் கொடுத்தார். 150 மைல் என்பது பூமியின் வளைவுக்கே ஒத்துவராத கணக்கு. உயரமான டவராக இருந்தாலும் 60, 70 மைலுக்கு மேல் நம்பிக்கையாகக் கிடைக்காது. டவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்த ஆம்ப்ளிஃபயர் கெடுதலும் செய்யும். சிக்னல் அளவுக்கு மீறிப் போய் டியூனர் திணறும், நல்ல சேனலும் கட்டம் கட்டமாக உடையும். எங்கள் வீட்டில் ஆம்ப்ளிஃபயரைக் கழற்றியதும் இரண்டு சேனல் கூடுதலாக வந்தது. அந்த ஆன்டெனாவைத் திருப்பிக் கொடுக்கப் போனால் உறை கிழிந்துவிட்டது என்று எடுக்க மறுத்தார்கள். ஒரு சனிக்கிழமை அதில் போனது. உறையைக் கத்தியால் கிழிக்காமல் பிரித்துப் பத்திரமாக வையுங்கள்.

வாங்குவதற்கு முன் ராபிட்இயர்ஸ் இணையதளத்தில் உங்கள் முகவரியைப் போட்டால் எந்த டவர் எந்தத் திசையில், எவ்வளவு பலத்தில் என்று வந்துவிடும். இந்த ஊரில் பெரும்பாலான நிலையங்களின் டவர்கள் நகருக்கு வடக்கே உள்ள குன்றுகளில் இருக்கின்றன. ஏபிசி கொடுக்கும் டபிள்யூடிஏஇ (4ஆம் எண்) டவர் மட்டும் தென்கிழக்கே ப்யூனா விஸ்டாவில் தனியாக நிற்கிறது. ஆன்டெனாவை வடக்கே திருப்பினால் சிடபிள்யூவும் என்பிசியும் பளிச்சென்று வரும், ஏபிசி போய்விடும். தென்கிழக்கே திருப்பினால் மற்றவை போகும். பள்ளத்தாக்கில் வீடு இருந்தால் ஜன்னலை மாற்றுவதே போதாது, மாடி அறையோ பரணோதான் வழி.

இரண்டு ஆன்டெனாவை ஒரு ஸ்ப்ளிட்டரை (ஒரு சிக்னலைப் பலவாகப் பிரிக்கும் சிறு கருவி) தலைகீழாக வைத்து இணைக்கலாம் என்று பலர் சொல்வார்கள். நாங்களும் செய்து பார்த்தோம். ஒரே சிக்னல் இரண்டு வழியாக வெவ்வேறு நேரத்தில் வந்து ஒன்றையொன்று கெடுத்தது. இரண்டு ஆன்டெனாவில் ஒன்றை மட்டும் டிவியோடு இணைக்கும் ஏ/பி ஸ்விட்ச் ஒன்று வாங்கி, ஏபிசிக்கு ஒரு ஆன்டெனா, மற்றதற்கு ஒன்று என்று வைத்தபோதுதான் சரியானது. ஒரே ஆன்டெனாவை இரண்டு டிவிக்குப் பிரித்தால் ஒவ்வொரு டிவிக்கும் சிக்னலின் பலம் ஏறக்குறைய 3.5 டெசிபல் குறையும், நான்காகப் பிரித்தால் 7. விளிம்பில் நிற்கும் சேனலுக்கு அது போதும், திரை கறுத்துவிடும்.

சேனல் தேடலிலும் கவனம் வேண்டும். பல டிவிகளில் மறுதேடல் செய்தால் பழைய பட்டியல் அழிந்துவிடும். ஸ்விட்ச் 'ஏ'யில் இருக்கும்போது ஒரு முழுத் தேடல், 'பி'க்கு மாற்றியபின் 'சேனல் சேர்' என்ற வழியில் கூடுதல் தேடல். வரிசை மாறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆன்டெனா தராததற்கு ஈஎஸ்பிஎன். அவர்களே நேரடியாக விற்கும் சந்தா 2025 ஆகஸ்ட் 21இல் வந்தது. இரண்டு வகை, இதில் தவறானதை வாங்கியவர்கள் ஏராளம். தொடங்கியபோது 11.99 டாலராக இருந்த 'செலக்ட்' பழைய ஈஎஸ்பிஎன் ப்ளஸ்ஸின் தொடர்ச்சி, அதில் ஏசிசி நெட்வொர்க் கிடையாது. தொடங்கியபோது 29.99 டாலராக இருந்த 'அன்லிமிடெட்' வாங்கினால்தான் ஏசிசி நெட்வொர்க்கும், இணையத்தில் மட்டும் வரும் ஏசிசிஎன்எக்ஸும் திறக்கும். பட்டியலில் ஏசிசிஎன்எக்ஸ் என்று பார்த்து, அதுவும் ஈஎஸ்பிஎன் ப்ளஸ்ஸும் ஒன்றுதான் என்று நினைத்துக் குறைந்த விலையை அழுத்திவிடாதீர்கள். இரண்டும் ஒரே ஆப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரிவதால் குழப்பம் வரும். ஆட்டத்தின் மேல் பூட்டுப் படம் இருந்தால் உங்கள் சந்தாவில் அது இல்லை என்று அர்த்தம். வெள்ளிக்கிழமையே அந்தப் பக்கத்தைத் திறந்து பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

கேபிள், பெரிய ஸ்ட்ரீமிங் தொகுப்பு இரண்டையும் நம்புவது ஆபத்து என்பதற்கு அண்மைக்கால சாட்சி போதும். 2023 ஆகஸ்ட் 31இல் ஸ்பெக்ட்ரம், 2024 செப்டம்பர் 1இல் டைரக்ட்டிவி, 2025 அக்டோபர் 30 இரவு யூடியூப் டிவி. மூன்று முறையும் ஈஎஸ்பிஎன், ஏபிசியை வைத்திருக்கும் டிஸ்னியுடனான ஒப்பந்தம் முறிந்து ஈஎஸ்பிஎன், ஏசிசி நெட்வொர்க் எல்லாம் ஒரே நேரத்தில் போயின. மூன்றும் சீசன் நடக்கும்போதே. பார்க்கிறவர்களின் சனிக்கிழமையைப் பிணையாக வைத்துப் பேரம் பேசும் இந்தப் பழக்கத்தை மன்னிக்கவே முடியவில்லை. கடைசித் தகராறு நவம்பர் 14 இரவு முடிந்தது. மறுநாள் நண்பகல் ஏபிசியில் பிட்-நோட்ர டேம், ஆட்டத்துக்கு முன் வரும் ஈஎஸ்பிஎன்னின் 'காலேஜ் கேம்டே' நிகழ்ச்சியே பிட்ஸ்பர்க்குக்கு வந்திருந்த நாள். ஏ/பி ஸ்விட்ச் வைத்திருந்த வீடுகளில் அந்த இரண்டு வாரமும் ஏபிசி ஒரு நொடிகூட நிற்கவில்லை. இவ்வளவு அலைச்சலுக்கும் கிடைத்த பலன் அதுதான்.

பதிவு செய்பவர்களுக்கு: ஆட்டத்துக்கு மூன்றரை மணி நேரம்தான் ஒதுக்குவார்கள். 2025 செப்டம்பர் 13இல் வெஸ்ட் வர்ஜீனியாவுடன் ஆடியது கூடுதல் நேரத்துக்குப் போய் 31-24 என்று கையைவிட்டுப் போனது. அட்டவணைப்படி நின்ற பதிவில் அந்த முடிவு இருக்காது. குறைந்தது ஒரு மணி நேரம் நீட்டி வையுங்கள். மின்னல் வந்தால் கடைசி மின்னலிலிருந்து 30 நிமிடம் காத்திருப்பார்கள், அடுத்த மின்னல் வந்தால் கணக்கு முதலிலிருந்து. முந்தைய ஆட்டம் இழுத்துக்கொண்டு போனால் உங்கள் ஆட்டத்தின் தொடக்கம் ஈஎஸ்பிஎன் நியூஸுக்கோ ஆப்புக்கோ தள்ளப்படும். அதனால் அதே நேரத்துக்கு ஈஎஸ்பிஎன் நியூஸையும் ஒரு மணி நேரம் பதிவில் போடுங்கள்.

எதுவும் வராவிட்டால் பிட் ஆட்டங்களின் வர்ணனை வரும் 93.7 எஃப்எம். அதை வானொலிப் பெட்டியில் கேட்கும்போது இருப்பிடச் சிக்கல் கிடையாது. ஸ்ட்ரீமிங் படத்தோடு சேர்த்து வைத்தால் மட்டும் வானொலி முன்னால் ஓடும், டச் டவுனைக் காது முதலில் கேட்டுவிடும்.

வழக்கமான சீசன் முடிந்த பிறகு நடக்கும் பவுல் ஆட்டங்கள் டிசம்பர் முதல் ஞாயிறு வாக்கில் அறிவிக்கப்படும், பெரும்பாலும் ஈஎஸ்பிஎன் குடும்பத்தில்தான். பிட்டின் பவுல் எந்தத் தேதி என்று தெரிந்ததும் சந்தா புதுப்பிக்கும் தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரத்து பொத்தானை அதற்கு இரண்டு நாள் முன்பே அழுத்தினாலும் கட்டிய மாதம் முடியும்வரை படம் வரும். உறுதி மின்னஞ்சல் வந்ததா என்று பார்த்துவிட்டு மூடுங்கள், எங்களுக்கு ஒருமுறை அது வராமல் ஜனவரிக்கும் பணம் எடுத்தார்கள்.