போட்டோவில் இருக்கிறார், வழக்கில் இல்லை

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா வாரத்துக்கு ஒரு போட்டோவாவது போடுவார். சிறுமிகளைப் பாலியலுக்காகக் கடத்திய வழக்கில் சிக்கிய அமெரிக்கப் பணக்காரர் ஜெஃப்ரி எப்ஸ்டீன் பக்கத்தில் யாராவது ஒரு பெரிய மனிதர் சிரித்துக்கொண்டு நிற்பார், கீழே ஒரே வரி: "இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?" நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். விமானப் பயணப் பட்டியல், போன் நம்பர் டைரி, போட்டோ எல்லாம் இருக்கும்போது இந்தப் பெரிய மனிதர்களை உள்ளே தள்ள என்ன கஷ்டம் என்று.

போன மாதம் ஒரு பத்திர வேலையாக (அது தனிக் கதை, வில்லங்கச் சான்றிதழ் வாங்கப் போய் நான் பட்ட பாட்டை இன்னொரு நாள் எழுதுகிறேன்) பாரிமுனைப் பக்கம் போயிருந்தேன். தம்பு செட்டித் தெருவில் எனக்குத் தெரிந்த ஒரு வக்கீல் அக்காவின் ஆபீஸ் இருக்கிறது, கிரிமினல் கேஸ்தான் அதிகம் நடத்துவார். டீ வரும் இடைவெளியில் சித்தப்பாவின் கேள்வியை அவரிடம் கேட்டேன்.

"தம்பி, போட்டோ காட்டுறது பழக்கத்தை. கோர்ட் கேக்கிறது, அவனுக்குத் தெரியுமா தெரியாதாங்கிறதை."

அமெரிக்கச் சட்டமும் அங்கேதான் நிற்கிறது. பாலியலுக்காகக் கூட்டி வரப்பட்ட பெண் 18 வயதுக்குக் கீழே, அல்லது மிரட்டியோ ஏமாற்றியோ கொண்டுவரப்பட்டவள். இது அவளிடம் போன ஆளுக்குத் தெரிந்திருந்தது, அல்லது தெரிந்துகொள்ள வாய்ப்பு இருந்தும் கண்டுகொள்ளாமல் விட்டான். இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். நம் ஊரிலும் 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 370ஏ சேர்ந்தது, இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 144ஆவது பிரிவு. கடத்தப்பட்டவள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ ஒருத்தியைப் பாலியலுக்குப் பயன்படுத்தினால் குற்றம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பணக்காரர்களைச் சுற்றி இருக்கிற ஏற்பாடே, அவர்களுக்கு எதுவும் 'தெரிய' வேண்டிய அவசியம் வராதபடி கட்டப்பட்டதுதானே?

எப்ஸ்டீனுக்குப் பெண்களைக் கூட்டி வந்த கூட்டாளி கிஸ்லேன் மேக்ஸ்வெல் வழக்கில் ஒரு வேலைக்காரர் கையேடு சாட்சியமாக வந்தது. எப்ஸ்டீனின் புளோரிடா வீட்டு ஊழியர்களுக்கானது, 58 பக்கம். எந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று நுணுக்கி நுணுக்கி எழுதிய தினுசு. அதில் ஓர் இடத்தில், நீங்கள் எதையும் பார்ப்பதில்லை, எதையும் கேட்பதில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது தவிர எதையும் பேசுவதில்லை என்று எழுதியிருந்தது. அதே வழக்கில் எப்ஸ்டீனின் விமானியும் சாட்சி சொன்னார். யார் யார் விமானத்தில் வந்தார்கள் என்று பெயர் பெயராகச் சொன்னார், எல்லாம் உலகம் அறிந்த பெயர்கள். தப்பாக எதுவும் பார்த்தீர்களா என்றால், இல்லை. இத்தனை வருடம் ஓட்டியும் இல்லை. அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. காக்பிட்டில் உட்கார்ந்திருப்பவர் பின்னால் நடப்பதைப் பார்க்க முடியாது என்பதும் உண்மைதான்.

நடுவில் இருக்கிறவர்தான் மாட்டுவார். நம் ஊரில் அதற்குப் பச்சையாகப் பெயரே இருக்கிறது, மாமா வேலை. ஆள் பேசுவதும் கூட்டி வருவதும் பணம் கைமாறுவதும் அவர் வழியாகத்தான், அதனால் சாட்சிகள் பார்த்ததும் அவரைத்தான். மேக்ஸ்வெல்லுக்கு 2022இல் 20 வருடம் கிடைத்தது. நான்கு பெண்கள் கூண்டில் ஏறி, குறுக்கு விசாரணையில் உன் ஞாபகம் சரியில்லை, நீ பணத்துக்காகப் பேசுகிறாய் என்று கேட்கப்பட்டதையெல்லாம் தாங்கித்தான் அது கிடைத்தது. யாருக்காகக் கூட்டி வந்தார் என்ற பக்கம் எப்ஸ்டீனோடு நின்றுவிட்டது, அவர் 2019 ஆகஸ்டிலேயே சிறையில் செத்துப்போனார்.

அமெரிக்காவை விடுங்கள். 2018இல் அருப்புக்கோட்டைப் பேராசிரியை ஆடியோவைக் கேட்காதவர்கள் தமிழ்நாட்டில் உண்டா? பல்கலைக்கழக மேலிடத்தில் இருப்பவர்கள் பாலியல் இணக்கத்தை எதிர்பார்க்கிறார்கள் என்று மாணவிகளிடம் நைச்சியமாகப் பேசிய அந்தக் குரல். 2024 ஏப்ரலில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் அவருக்குப் பத்து வருடம் கொடுத்தது. கூடக் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு பேரும் விடுதலை. அந்த 'மேலிடம்' என்று யாரும் கூண்டில் நிற்கவே இல்லை. வாக்கியத்தைப் பேசியவருக்குத் தண்டனை, வாக்கியத்தின் எழுவாய்க்கு வழக்கே இல்லை.

"அப்போ சட்டத்தைத் தளர்த்த வேண்டியதுதானே அக்கா, சந்தேகம் இருந்தாலே போதும்னு?"

"தளர்த்திப் பாரு. முதல்ல யார் உள்ள போவான்? லாட்ஜ் ரூம் பாய், ஆட்டோக்காரர், ரிசப்ஷன்ல உக்காந்திருக்கிற பொண்ணு. இப்பவே என்கிட்ட வர்றவங்க அவங்கதான்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. 'அழகிகள் மீட்பு, புரோக்கர் கைது' என்று பேப்பரில் வருகிற செய்திகளை யோசித்துப் பாருங்கள். துப்பட்டாவால் முகத்தை மூடிய பெண்களின் போட்டோ இருக்கும், புரோக்கரின் ஊரும் வயதும் இருக்கும். வாடிக்கையாளர் ஒரு வார்த்தையில் வந்து போவார், பல நாள் அதுவும் இருக்காது. அழகிகளாம்!

ஆனால் எல்லாப் பழியையும் சட்டத்தின் மேல் போட நான் தயாரில்லை. 2007-08இல் புளோரிடாவில் நடந்தது நிரூபிக்க முடியாமல் போன கதை கிடையாது. மத்திய அரசு வக்கீல்கள் எப்ஸ்டீனோடு ஒப்பந்தம் போட்டார்கள், மாநில அளவில் குறைந்த தண்டனையுள்ள குற்றங்களை ஒப்புக்கொண்டு 18 மாதத் தண்டனை, அதில் 13 மாதம்தான் கழித்தார், அதிலும் பகலில் ஆபீஸ் போய்வர அனுமதி. அதைவிட, கூட்டாளிகளாக இருக்கக்கூடிய எவர் மேலும் வழக்குப் போட மாட்டோம் என்று அதில் எழுதிக் கொடுத்தார்கள். பாதிக்கப்பட்ட பெண்களுக்கு இதைச் சொல்லவே இல்லை, அது சட்டமீறல் என்று ஒரு நீதிபதி சொன்னபோது வருடம் 2019. பதினோரு வருடத்தில் போன் போகும், ஹார்ட் டிஸ்க் போகும், சாட்சி செத்துப்போவார். அப்புறம் 2025 ஜூலையில், எப்ஸ்டீனின் 'வாடிக்கையாளர் பட்டியல்' என்று எதுவும் இல்லை, வேறு யார் மேலும் விசாரணை தொடங்க ஆதாரம் இல்லை என்று அமெரிக்க அரசின் நீதித்துறையும் அதன் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயும் அறிக்கை விடும்.

பணம் மட்டும்தான் கொஞ்சம் பேசியிருக்கிறது. எப்ஸ்டீன் கணக்கு வைத்திருந்த ஜேபி மார்கன் வங்கி 2023இல் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு 29 கோடி டாலர் கொடுத்து சிவில் வழக்கை முடித்துக்கொண்டது, தப்பை ஒப்புக்கொள்ளாமல். சிவில் வழக்கில் 'சந்தேகத்துக்கு இடமில்லாமல்' என்கிற மலையை ஏற வேண்டியதில்லை. அக்கா சொன்னதும் அதுதான்: கட்டிலில் யார் இருந்தார் என்று தேடினால் ஒரு பெண்ணின் வாய்ச்சொல்லும் ஒரு பெரிய மனிதரின் மறுப்பும் மட்டும் மிஞ்சும். அந்தப் பெண்ணின் டிக்கெட்டுக்கு எந்த அக்கவுண்டில் இருந்து பணம் போனது என்று தேடினால் காகிதம் கிடைக்கும்.

நேற்று சித்தப்பா மறுபடி ஒன்று போட்டார். இந்தத் தடவை எப்ஸ்டீனும் ஒரு விஞ்ஞானியும். "இவருக்கு ரூம் போட்டது யார், பில் யார் பேர்ல சித்தப்பா?" என்று கேட்டேன். நீல டிக் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு காலை வணக்கம் படம், ரோஜாப்பூவோடு. மணி அப்போது மதியம் இரண்டு.