ஏ'ஸ் இல்லாத ஆக்லாந்து

இன்னும் மனசு ஆறவில்லை. கலிஃபோர்னியாவின் ஆக்லாந்தில் 57 சீசன் ஆடி, பேஸ்பாலின் பெரிய பட்டமான வேர்ல்ட் சீரிஸை 4 முறை வென்ற ஏ'ஸ் (அத்லெடிக்ஸ்) அணி, 2024 செப்டம்பர் 26-ஆம் தேதியோடு ஊரை விட்டே போய்விட்டது. இப்போது சாக்ரமென்டோவில், சுமார் 14,000 பேர் கொள்ளும் மைனர் லீக் (கீழ்நிலை லீக்) மைதானத்தில் ஆடுகிறார்கள். அடுத்து லாஸ் வேகஸாம்.

ரசிகர்கள் வருவதில்லை என்று காரணம் சொன்னார்கள். நல்ல வீரர்களை ஒவ்வொருவராக அனுப்பிவிட்டு, டிக்கெட் விலையையும் ஏற்றினால் யார் வருவார்கள்? அப்படியும் 2023 ஜூனில், "அணியை விற்றுவிடு" என்று முதலாளியிடம் கத்திச் சொல்வதற்காகவே 27,000 பேருக்கு மேல் திரண்டார்களே! கடைசி ஆட்டத்துக்கு 46,000-க்கும் மேல்.

சரி, கல்லூரி விளையாட்டையாவது பார்க்கலாம் என்றால் அங்கேயும் இதே கதை. எங்கள் பக்கத்துப் பெர்க்லியும் ஸ்டான்ஃபோர்டும் இப்போது அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற கிழக்குக் கரைக் கல்லூரி லீக்கில். இரண்டும் பசிபிக் பக்கத்துக் கல்லூரிகள்! 1915-இல் வேர்விட்ட, இவை முன்பு ஆடிய மேற்குக் கரை லீக்கான பேக்-12-இல் 2024-இல் மிஞ்சியது இரண்டே அணிகள். எல்லாம் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டங்களை டிவியில் காட்டுவதால் வரும் பணத்துக்காக. ஆனால் வாலிபால், சாஃப்ட்பால் ஆடும் பிள்ளைகளும் பாஸ்டனுக்கும் வட கரோலினாவுக்கும் பறக்கவேண்டியிருக்கிறது. அவர்கள் எப்போது படிப்பார்கள், எப்போது தூங்குவார்கள்?

இனி நான் ஆக்லாந்தின் ரைமண்டி பார்க்கில், ஆக்லாந்து பாலர்ஸ் என்ற பேஸ்பால் அணியின் ஆட்டத்துக்குத்தான் போகப்போகிறேன். சின்ன லீக்தான். ஆனால் பெயரில் ஆக்லாந்து இருக்கிறது.