பன்னிருவர் அணியில் ஒரு சூப்பர்ஹீரோ

சீன வரலாற்றைப் பின்புலமாகக் கொண்ட தற்காப்புக் கலை சூப்பர்ஹீரோ காமிக்ஸ் ஒன்றுக்குச் சண்டைக் காட்சிகளை வரைவது என் பணி. கதை நிகழ்வது மிங் ஆட்சிக் காலத்தில், 1550-களின் இறுதியில், கடற்கொள்ளையரால் நிலைகுலைந்திருந்த, கிழக்குச் சீனாவின் செஜியாங் கடற்கரையில். நாயகன் கற்பனைப் பாத்திரம்; அவனைப் படையில் சேர்த்துக்கொள்ளும் தளபதி சி ஜிகுவாங் (1528–1588) உண்மையில் வாழ்ந்தவர்.

தோற்றம் பற்றிய கேள்விகளுக்கு எளிதில் விடை கிடைத்துவிடும். முன்தலையை மழித்துப் பின்னல் விடும் கோலம் மிங் ஆட்சிக்குப் பின் வந்த சிங் அரசு 1645-இல் இட்ட ஆணையால் பரவியது என்பதால், எங்கள் வீரர்களுக்கு உச்சிக்கொண்டைதான். 'ஜப்பானியக் கொள்ளையர்' என்றே அழைக்கப்பட்டாலும், அந்தக் கடற்கொள்ளையரை ஜப்பானியராகவே வரைந்துவிடவும் முடியாது. அவர்களுள் பெரும்பாலோர் சீனர்களே.

சண்டைதான் கடினம். ஒருவன் பலரை வீழ்த்துவதைக் காணவே சூப்பர்ஹீரோ வாசகர் பக்கத்தைப் புரட்டுகிறார். ஆனால் வெறுங்கைச் சண்டையின் 32 நிலைகளைத் தொகுத்த அதே தளபதி, தமது 'ஜிசியாவ் சின்ஷு' என்ற பயிற்சி நூலில், பெரும்போருக்கு இக்கலை உதவுவதாகத் தெரியவில்லை என்றும், கைகால்களைப் பழக்கி ஆயுதப் பயிற்சிக்குள் நுழைய இது முதல் வாயில் என்றும் தெளிவாக எழுதிவைத்திருக்கிறார். யீவூ வட்டாரத்தில் 1559-இல் தாம் திரட்டிய உழவர்களையும் சுரங்கத் தொழிலாளர்களையும் அவர் பன்னிருவர் கொண்ட அணிகளாகவே பிரித்தார். அணித் தலைவர் ஒருவர், கேடயம் தாங்குவோர் இருவர், மூங்கில் ஏந்துவோர் இருவர், ஈட்டிக்காரர் நால்வர், சூலம் போன்ற ஆயுதம் ஏந்தியோர் இருவர், கடைசியாகச் சமையல்காரர் ஒருவர்.

அந்த மூங்கில்தான் என்னை ஈர்த்தது. லாங்சியன் எனப்படும் இது, பக்கக் கிளைகளைக் கழிக்காமல் விட்டு, நுனியில் இரும்பு பொருத்திய முழு மூங்கில். நீள்வாளை ஓங்கிப் பாய்பவன் கிளைகளுக்குள் சிக்கி ஒரு கணம் தடுமாறுவான். அந்த ஒரு கணத்தில் பின்னாலிருந்து ஈட்டிகள் பாயும். உடல் வலிமை மிக்கவர்களிடமே இதைக் கொடுக்க வேண்டும் என்பது நூலின் விதி. ஆகவே நாயகனின் கையில் வாளுக்குப் பதிலாக இதையே கொடுக்கலாம் என்று கதைக்குழுவிடம் வாதாடினேன். கிளைகள் முகத்தை மறைக்கின்றன என்ற மறுப்பு எழுந்தது. முகம் மறைந்தாலும் அவன் முதுகுக்குப் பின்னால் நிற்கும் நால்வரின் முகங்கள் தெளிவாகத் தெரியுமாறு கோணத்தை மாற்றி அந்தக் கட்டத்தை வரைந்து காட்டியபின் ஏற்றுக்கொண்டார்கள். தன்னிடம் உள்ள அபார வலிமையால் எவரையும் கொல்லாமல், பிறர் தாக்குவதற்கான நேரத்தை ஈட்டித் தருபவனே என் மனத்துக்கு உகந்த நாயகன். அந்தக் கடற்கரையில் வெற்றி கிடைத்த விதமும் ஏறக்குறைய அதுவே.

அடுத்த தொகுதியில் கதை 1568-க்குப் பின் வடக்கே பெருஞ்சுவர் எல்லைக்கு நகர்கிறது. அங்கு எதிரி மங்கோலியக் குதிரைப்படை என்பதால், சி ஜிகுவாங் போர் வண்டிகளைக் கொண்டு புதிய வியூகம் வகுத்தார். வண்டிகளின் நடுவே நம் நாயகனுக்கு எங்கே இடம் என்பதைத்தான் இப்போது வரைந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.