வக்கீல் வைக்காத வழக்கு: ஒரு சமையலறை நாட்குறிப்பு

12 ஆகஸ்ட் 2024, திங்கள்

என் சமையலறையைப் போட்டுக் கொடுத்த கடைக்காரருக்கு நான் அனுப்பிய நோட்டீஸுக்கு, அவருடைய வக்கீலிடமிருந்து பதில் நோட்டீஸ் வந்தது. எமது கட்சிக்காரர் தரமான பொருளைத்தான் கொடுத்தார், தாங்கள் தண்ணீர்க் கசிவைக் கவனிக்காமல் விட்டதே காரணம் என்கிறது. ரூ.2,85,000 வாங்கிக்கொண்டு போட்டுக் கொடுத்த மாடுலர் கிச்சன். கொட்டேஷனில் ‘பி.டபிள்யூ.பி. பிளைவுட், ஐ.எஸ். 710’ என்று எழுதி, சீல் வைத்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். தண்ணீரைத் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான தரம் அது. வருஷம் திரும்புவதற்குள் சிங்க்குக்குக் கீழே பலகை அப்பளமாக உப்பிவிட்டது.

“நல்ல வக்கீலா பாத்து வைம்மா, பீஸ் நான் தர்றேன்” என்கிறார் அண்ணன். பீஸ் பிரச்சினை இல்லை. பெண் என்ற ஒரே காரணத்தால், 1987ஆம் வருடச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் எனக்கு இலவச சட்ட உதவியே கிடைக்கும். ஆனால் இந்த வழக்கில் உள்ள ஒவ்வொரு காகிதமும் என் பீரோவில் இருக்கிறது, ஒவ்வொரு தேதியும் எனக்குத் தெரியும். அதை இன்னொருவருக்குச் சொல்லிப் புரியவைக்கும் நேரத்தில் நானே எழுதிவிடலாம். நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் கட்டாயமும் இல்லை. கிரிமினல் கேஸாக இருந்தால் இந்தத் துணிச்சல் வந்திருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

2 செப்டம்பர் 2024, திங்கள்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ஐப் படித்துக்கொண்டிருக்கிறேன். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. கேட்கும் நஷ்டஈட்டை வைத்து இது கணக்காவதில்லை, கொடுத்த பணத்தை வைத்துத்தான். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும். கடை எந்த ஊரில் இருந்தாலும் நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பழைய 1986 சட்டத்தில் இந்த வசதி இல்லை.

மனு எழுத உட்கார்ந்ததும் கோபம்தான் முதலில் வருகிறது. ஆனால் போய்க் கேட்டபோது கடைக்காரர் சிரித்தாரே, அந்தச் சிரிப்புக்கு சான்றாவண எண் கொடுக்க முடியாது. அதனால் அது மனுவில் இல்லை. கொட்டேஷன், பில், பேங்க் ஸ்டேட்மென்ட், போட்டோக்கள், பிளம்பர் பில், நோட்டீஸ், ஒப்புகை அட்டை எல்லாம் ஆ.1, ஆ.2 என்று வரிசையாக ஏறிவிட்டன. வாட்ஸ்அப் உரையாடலை வெறுமனே பிரிண்ட் எடுத்தால் போதாது என்றார்கள். ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டம் வந்துவிட்டதால், மின்னணு ஆவணங்களோடு வைக்க வேண்டிய பழைய 65பி சான்றிதழ் இருந்த இடத்தில் இப்போது 63ஆம் பிரிவுச் சான்றிதழ். ஆணையத்தில் இதை அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லையாம். இருந்தாலும் வைத்துவிட்டேன். எதிர் வக்கீலுக்கு எதற்கு வாய்ப்புக் கொடுப்பானேன்.

8 அக்டோபர் 2024, செவ்வாய்

மனுவுக்கு நம்பர் ஆகிவிட்டது. இன்று கூப்பிட்டார்கள். ஆணையத் தலைவர் மனுவைப் புரட்டி, “வக்காலத்து எங்கம்மா?” என்றார். “நானே ஆஜராகிறேன் ஐயா.” தலையாட்டினார். எதிர்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்ப உத்தரவு. மொத்தமும் ஒரு நிமிஷம் இருக்கும். அதற்கு ஒரு நாள் சி.எல். லீவு போனது.

17 டிசம்பர் 2024, செவ்வாய்

நோட்டீஸ் அவர்கள் கைக்குப் போனது நவம்பர் 4. பதிலுரைக்கு 30 நாள், ஆணையம் மனசு வைத்தால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கொடுக்க முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே சொல்லியிருக்கிறது. டிசம்பர் 19 தாண்டட்டும் என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு, 43ஆம் நாள், கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். கெட்டிக்கார வக்கீல்.

கசிவு என் தவறு என்பதோடு, புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: கொட்டேஷனின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ‘தகராறுகள் நடுவர் மூலமே தீர்க்கப்படும்’ என்று இருக்கிறதாம், அதாவது ஆணையத்துக்கு வராமல் தனியாக ஒரு நடுவரிடம்தான் போக வேண்டுமாம், அதனால் இந்த வழக்கே செல்லாதாம். வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இருக்கத்தான் செய்கிறது.

21 ஜனவரி 2025, செவ்வாய்

என் சாட்சியத்தை உறுதிமொழியோடு எழுதிய நிரூபண வாக்குமூலம் தாக்கல் செய்தேன். கூடவே, வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை (ஆணையத்தின் சார்பில் நேரில் பார்த்து அறிக்கை தரும் வக்கீல்) நியமித்து சமையலறையைப் பார்வையிடச் செய்ய வேண்டும் என்று இடைமனு. எதிர்தரப்பு ஆட்சேபித்தது, ஆனாலும் அனுமதித்தார்கள். ஆணையருக்கான கட்டணத்தை நான்தான் கட்ட வேண்டும்.

15 பிப்ரவரி 2025, சனி

ஆணையர் வந்தார். கடைக்காரரின் ஜூனியர் வக்கீலும் வந்திருந்தார். இருவருக்கும் காபி கொடுத்தேன். பக்கச்சார்பு ஆகிவிடக் கூடாதே.

வெளியே பார்த்தால் எல்லாம் பளபள லேமினேட். பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தாலும் அதற்குள் மறைந்துவிடும். ஆனால் சிங்க் குழாய் இறங்குவதற்குப் போட்ட ஓட்டையின் ஓரத்தை யாரும் மூடவில்லை. ஆணையர் கூட்டிவந்த ஆசாரி தரையில் படுத்து, டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். பிளைவுட்டாக இருந்தால் வெட்டிய இடத்தில் மெல்லிய அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். ஆசாரி கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். ஈரத் தூள் அவர் நெற்றியிலேயே உதிர்ந்தது. “பார்ட்டிகிள் போர்டு சார். மரத்தூளு.” ஆணையர் கையில் அள்ளி, வெள்ளைத் தாளில் வைத்துப் படமெடுத்தார். ஜூனியர் வக்கீல் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

18 மார்ச் 2025, செவ்வாய்

வாதம். எதிர் வக்கீல் நடுவர் ஷரத்தைப் பற்றியே வெகுநேரம் பேசினார், நன்றாகவே பேசினார். என் முறை வந்தபோது ஒரு காகிதத்தை மட்டும் நீட்டினேன். எமார் எம்.ஜி.எஃப். எதிர் அஃப்தாப் சிங், உச்ச நீதிமன்றம், 2018: ஒப்பந்தத்தில் நடுவர் ஷரத்து இருந்தாலும் நுகர்வோர் வழக்குக்கு அது தடை அல்ல. அதோடு, இந்தச் சட்டம் மற்ற சட்டங்களுக்குக் கூடுதலானதே என்று சொல்லும் 2019 சட்டத்தின் 100ஆம் பிரிவு.

தலைவர் கேட்டார்: “கசிவு இருந்ததாம்மா?”

“இருந்தது ஐயா. ஆ.9, பிளம்பர் பில். கசிந்தது தெரிந்த அன்றே சரிசெய்தாயிற்று. மரைன் பிளைவுட் என்று சொல்லிக் காசு வாங்கினார்கள். ஆணையர் அறிக்கை 3ஆம் பக்கத்தில் இருப்பது மரத்தூள்.”

இன்னும் பேச நிறைய இருந்தது. அவர் 3ஆம் பக்கத்தைத் திருப்பிப் படிக்க ஆரம்பித்திருந்தார். நான் உட்கார்ந்துவிட்டேன். தீர்ப்பு ஒத்திவைப்பு.

16 ஏப்ரல் 2025, புதன்

புகார் பகுதியாக அனுமதிக்கப்பட்டது. ரூ.1,90,000-ஐ 9 சதவீத வட்டியுடன் திருப்பித் தர வேண்டும், மன உளைச்சலுக்கு 20,000, வழக்குச் செலவுக்கு 5,000. உளைச்சலுக்கு நான் கேட்டது ஒரு லட்சம். மேல் அலமாரிகள் நன்றாகவே இருப்பதால் முழு விலையும் கிடைக்காது என்கிறது உத்தரவு. படித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது.

உத்தரவின் நகல் இலவசமாகக் கிடைக்கும். மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்ய அவர்களுக்கு 45 நாள், மே 31 வரை. போவதென்றால் தொகையில் பாதியை முதலில் கட்டியாக வேண்டும். மேல்முறையீடும் இல்லை, பணமும் வரவில்லை என்றால் உத்தரவை நிறைவேற்ற வைக்கக் கோரி 71ஆம் பிரிவில் நிறைவேற்று மனு. 72ஆம் பிரிவு இன்னும் காரம்: உத்தரவை மதிக்காவிட்டால் ஒரு மாதத்திலிருந்து 3 வருடம் வரை சிறை, அல்லது 25,000-க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். மே 31 சனிக்கிழமை. ஜூன் 2, திங்கட்கிழமைக்கு சி.எல். இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன்.