உதடும் ஒலியும் சேரும் வரை: மென்பொருள் மாற்றக் குறிப்புகள்

2025 மார்ச் 3, திங்கள்

ஆவணப்படம் பாதியில் இருக்கும்போது எடிட்டிங் மென்பொருளை மாற்றக் கூடாது என்பார்கள். எனக்கு வேறு வழியில்லை. பழையதற்கு இனிப் புதுப்பிப்புகள் வராது; புதிய இயங்குதளத்தில் அது திறக்கவே மறுக்கிறது. பழைய கணினியை மட்டும் அப்படியே வைத்திருக்கிறேன். படம் முடியும்வரை அதிலிருந்து எதையும் நீக்கப் போவதில்லை.

இன்று டைம்லைனை, அதாவது வெட்டிய காட்சிகளும் ஒலியும் வரிசையாக அடுக்கியிருக்கும் தடங்களை, ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசெல்லும் எக்ஸ்எம்எல் கோப்பாக எழுதிப் புதியதில் திறந்தேன். வெட்டுகளும், ஒரு காட்சி கரைந்து அடுத்தது தோன்றும் எளிய டிசால்வ்களும் வந்தன. வேகத்தைப் படிப்படியாக மாற்றியிருந்த இடங்களும், தனியாக வாங்கிப் பொருத்திய எஃபெக்டுகளும், தலைப்பு எழுத்துகளும் வரவில்லை. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. எந்தக் கிளிப், எந்த ஃபிரேம் (தனிப்படம்) முதல் எந்த ஃபிரேம் வரை, எந்தத் தடத்தில் என்ற விவரத்தைத்தான் எக்ஸ்எம்எல் நம்பகமாகக் கொண்டுவரும். எஃபெக்டுக்குள் நடக்கும் கணக்கு அந்தந்த மென்பொருளுக்கே உரியது.

விடுபட்டவற்றைக் கண்ணால் தேடினால் ஏதாவது தப்பிவிடும். அதனால் பழைய கணினியில் முழுப் படத்தையும் ஒரே கோப்பாக எக்ஸ்போர்ட் செய்தேன். அதைப் புதிய டைம்லைனின் மேல்தடத்தில் வைத்து, கலப்பு முறையை ‘டிஃபரன்ஸ்’ என்று, அதாவது இரண்டு படங்களின் வேறுபாட்டை மட்டும் காட்டும்படி, மாற்றினேன். இரண்டும் ஒத்துப்போகும் இடம் முழுக் கறுப்பாகிவிடும். ஒரே ஒரு ஃபிரேம் தள்ளியிருந்தாலும் உருவங்களின் விளிம்புகள் வெளிச்சக் கோடுகளாகத் தெரியும். மாலைக்குள் சரிசெய்ய வேண்டிய இடங்களெல்லாம் குறிக்கப்பட்டுவிட்டன. மென்பொருள் மாறுகிற எவரும் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

மார்ச் 4, செவ்வாய்

பாதிக் கிளிப்புகள் ‘மீடியா ஆஃப்லைன்’ என்று சிவப்பாக நின்றன. கோப்புகள் எங்கும் போகவில்லை. வன்தட்டின் பாதைதான் மாறியிருக்கிறது. கோப்புறையைக் காட்டியதும் மென்பொருள் தானாக இணைத்துக்கொண்டது.

ஆனால் சில இடங்களில் தவறான காட்சியை இணைத்துவிட்டது. கேமரா ஒவ்வொரு கார்டிலும் கோப்பு எண்ணை முதலிலிருந்து தொடங்கியிருப்பதால் ஒரே பெயரில் பல கிளிப்புகள் இருக்கின்றன. பெயரோடு டைம்கோடும் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமரா இடும் நேர எண்) பொருந்த வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்த பிறகு சரியாயிற்று.

மார்ச் 6, வியாழன்

இரண்டு நாட்களாக என்னை வாட்டுவது ஒலிநழுவல். படத்தின் நடுநாயகம், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் நீண்ட நேர்காணல். முன்னால் கேமரா, பக்கவாட்டில் ஒரு கைபேசி. கேமராவின் காட்சி ஒழுங்காக இருக்கிறது. கைபேசிக் காட்சியில் தொடக்கத்தில் உதடும் சொல்லும் பொருந்துகின்றன. போகப்போகச் சொல் ஒருபக்கம், உதடு ஒருபக்கம். பழைய மென்பொருளில் இதே கோப்பு சரியாக ஓடியது. எனவே புதியதைத் திட்டிவிட்டுப் பழையதற்கே திரும்பிவிடத் தோன்றும். அதற்கு முன் நழுவல் எந்த வகை என்று அளந்து பார்ப்பது நல்லது.

முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவு தள்ளியிருந்தால் கிளிப்பை நகர்த்தி வைத்தால் போதும். குரலின் சுருதியே மாறியிருந்தால் 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் பதிந்த ஒலியை 48 என்று படித்திருக்க வாய்ப்புண்டு. நழுவல் சீராக வளர்ந்தால் ஃபிரேம் ரேட்டை, அதாவது வினாடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற கணக்கை, சந்தேகிக்க வேண்டும். 29.97 என்பதை 30 என்று எடுத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் 3.6 வினாடி விலகும். அந்தப் பின்ன எண்ணே 1953இல் அமெரிக்கா ஏற்றுக்கொண்ட வண்ணத் தொலைக்காட்சி முறை விட்டுப்போன எச்சம்; இன்றுவரை நம் டைம்லைனில் வந்து நிற்கிறது.

என் கிளிப் இவற்றில் எதிலும் சேரவில்லை. சில நிமிடங்கள் நழுவாமல் ஓடுகிறது, பிறகு சட்டென்று விலகுகிறது, மறுபடி நிலைக்கிறது. கோப்பின் தொழில்நுட்ப விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ செயலியில் அதைத் திறந்தபோது விடை கிடைத்தது: ஃபிரேம் ரேட் முறை, ‘வேரியபிள்’ (மாறிக்கொண்டே இருப்பது). வெளிச்சம் குறையும்போது கைபேசி ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறது. அதனால் வினாடிக்கான ஃபிரேம்கள் குறைகின்றன. ஒவ்வொரு ஃபிரேமும் எந்தக் கணத்தில் தோன்ற வேண்டும் என்ற குறிப்பு கோப்புக்குள் இருக்கிறது. சாதாரண வீடியோ பிளேயர் அந்தக் குறிப்பைப் பின்பற்றுவதால் அதில் எல்லாம் சரியாகத் தெரிகிறது. என் புதிய மென்பொருளோ ஃபிரேம்களைச் சம இடைவெளியில் அடுக்குகிறது. ஆசிரியை பேசிக்கொண்டிருக்கையில் மேகம் மறைத்து அறை இருண்ட நிமிடங்களில்தான் விலகல் பிறந்திருக்கிறது. காட்சியை ஓட்டிப் பார்த்தால் கண்ணுக்கே தெரிகிறது.

இதை டைம்லைனில் இழுத்து நீட்டிச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் விலகல் சீரானதல்ல. வீடியோக் கோப்புகளை வேறு வடிவுக்கு மாற்றும் ஹேண்ட்பிரேக் செயலியில் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்’ (மாறாத வீதம்) என்பதைத் தேர்ந்தெடுத்து, தரத்தை உயர்வாக வைத்து மாற்றினேன். அது நேரக் குறிப்புகளைப் படித்து, தேவையான இடத்தில் ஒரு ஃபிரேமை இரட்டிப்பாக்கி, இடைவெளிகளைச் சமமாக்கித் தருகிறது. புதிய கோப்பை வைத்ததும் கடைசிச் சொல் வரை உதடு பொருந்தியது. பழைய மென்பொருள் இந்த வேலையைச் சொல்லாமலேயே பின்னணியில் செய்துவந்திருக்கிறது. அந்த வசதிக்கு நன்றி. ஆனால் என் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்திருப்பதையே விரும்புகிறேன். இனி எந்தக் காட்சியும் மீடியாஇன்ஃபோவைக் கடந்துதான் டைம்லைனுக்குள் வரும்.

மார்ச் 9, ஞாயிறு

கேமராக் காட்சிகள் திக்கித் திக்கி ஓடுகின்றன. கணினியின் வேகம் போதாது என்று புதியது வாங்கச் சொல்வார்கள். அவசரப்பட வேண்டியதில்லை.

எச்.264, எச்.265 என்ற வீடியோச் சுருக்க முறைகள் இரண்டும் சேமிப்புக்கும் ஒளிபரப்புக்கும் ஏற்றவை, வெட்டுவதற்கு ஏற்றவையல்ல. எங்கோ ஒரு ஃபிரேமை முழுமையாக வைத்துக்கொண்டு, அடுத்தடுத்தவற்றில் மாறியதை மட்டும் எழுதுகின்றன. நடுவில் ஓரிடத்தில் போய் நின்றால், அந்த ஒரு ஃபிரேமைக் காட்டவே முந்தைய முழு ஃபிரேமிலிருந்து கணக்குப் போட வேண்டும். பின்னோக்கி ஓட்டினால் இன்னும் கடினம். என் கேமரா வண்ண விவரம் அதிகமுள்ள 10 பிட், 4:2:2 முறையில் எழுதுகிறது. அதைப் பிரிக்கும் வன்பொருள் என் கிராபிக்ஸ் கார்டில் இல்லாததால் முழுச் சுமையும் செயலியின் தலையில் விழுகிறது.

வெட்டும்போது மட்டும் மூலத்துக்குப் பதிலாக நிற்கும் எளிய நகல்களான ப்ராக்ஸி கோப்புகளை இரவோடு இரவாக உருவாக்க விட்டேன்: பாதி அளவு, புரோரெஸ் ப்ராக்ஸி. இந்தச் சுருக்க முறையில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்து முழுமையானது. ப்ராக்ஸியின் ஃபிரேம் ரேட், டைம்கோடு, ஒலித்தடங்களின் எண்ணிக்கை மூன்றும் மூலத்தோடு ஒத்திருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் இணைப்பு தவறும். தற்காலிகச் சேமிப்புக் கோப்புறையையும் எஸ்எஸ்டிக்கு மாற்றினேன். இப்போது தண்ணீராக ஓடுகிறது.

மார்ச் 12, புதன்

விசைப்பலகை. ஜே, கே, எல் மூன்றும் எல்லா இடத்திலும் போல இங்கும் பின்னோட்டம், நிறுத்தம், முன்னோட்டம். மற்றவை வேறு. பழைய மென்பொருளின் விசை அமைப்பை அப்படியே ஏற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது, ஏற்றிக்கொண்டேன். கைக்குப் பழகியதை விட வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

மார்ச் 14, வெள்ளி

தலைப்புகளை மீண்டும் தட்டத் தொடங்கியதும் தமிழ் உடைந்தது. ‘பேச்சு’ என்று தட்டினால் இரட்டைக் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. ‘கொடி’யில் ககரம் தனியாக நிற்க, கொம்பும் காலும் அதற்கு அப்பால் விழுகின்றன. எழுத்துரு மாற்றியும் பயனில்லை, ஏனென்றால் பிழை எழுத்துருவில் இல்லை. யூனிகோடில் மெய்க்குப் பிறகுதான் உயிர்க்குறி சேமிக்கப்படுகிறது. அதைத் திரையில் முன்னால் கொண்டுவந்து வைப்பதும், ‘டு’, ‘சு’ போன்றவற்றுக்கு உரிய ஒற்றை வடிவத்தை எடுப்பதும் மென்பொருளின் எழுத்தமைப்பு இயந்திரத்தின் வேலை. ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்து எழுதிய இயந்திரம் அதைச் செய்யாது. கோடிக்கணக்கானோர் எழுதும் மொழி ஒன்றுக்கு இது இன்றும் மறைவான ஓர் அமைப்புக்குள் ஒளிந்திருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

விருப்ப அமைப்புகளில் தேடியபோது தெற்காசிய எழுத்துகளுக்கான தனி இயந்திரம் இருந்தது. அதை இயக்கியதும் புதிதாகத் தட்டியவை சரியாக வந்தன; ஏற்கெனவே உருவாக்கிய பெட்டிகள் மாறவில்லை, அவற்றை அழித்துப் புதிதாகச் செய்தேன். இந்த அமைப்பே இல்லாத மென்பொருளென்றால், தமிழைச் சரியாகக் காட்டும் வரைகலைச் செயலியில் தலைப்பை எழுதி, பின்புலம் இல்லாத பிஎன்ஜி படமாகக் கொண்டுவரலாம்.

எழுத்து எழுத்தாகத் தோன்றும் அசைவு இன்னொரு கண்ணி. ‘க்’ வர வேண்டிய இடத்தில் முதலில் ‘க’ வந்து, பிறகு தலையில் புள்ளி ஏறுகிறது. சொல் சொல்லாகத் தோன்றும்படி மாற்றிவிட்டேன். படிக்கவும் அதுவே இதம்.

திரையின் கீழே வரும் வசன வரிகளின் (சப்டைட்டில்) கோப்பை யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால்தான் தமிழ் தமிழாக வரும். இல்லாவிட்டால் வரிசையாகக் கேள்விக்குறிகள்.

மார்ச் 19, புதன்

சோதனை எக்ஸ்போர்ட்டில் கைபேசிக் காட்சிகளில் மட்டும் நிழல்கள் அடைத்துக் கறுத்திருந்தன. வண்ணத்தைத் திருத்தும் முன், படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் அலைவடிவ மானியைப் பார்த்தேன். 8 பிட் வீடியோவில் கறுப்பு 16, வெள்ளை 235 என்பது ஒரு வழக்கம். 0 முதல் 255 வரை முழுவதையும் பயன்படுத்துவது இன்னொன்று. முழு வீச்சில் எழுதிய கிளிப்பைக் குறுகியதாகப் படித்தால் 16க்குக் கீழே உள்ள நிழல் விவரமெல்லாம் வெட்டுப்படும். தலைகீழாகப் படித்தால் கறுப்பு சாம்பலாக வெளுக்கும். கிளிப்பின் பண்புகளில் வீச்சை ‘ஃபுல்’ என்று குறித்ததும் மேசைக்கடியில் இருந்த புத்தக அடுக்கு மீண்டும் தெரிந்தது. வண்ணக் கருவி எதையும் தொட வேண்டியிருக்கவில்லை.

நாளை ஒலிக்கலவைக்காக ஒலித்தடங்களை, வெட்டுகளோடு ஒலிக்கலவை மென்பொருளுக்குக் கொண்டுசெல்லும் ஏஏஎஃப் கோப்பாக அனுப்ப வேண்டும், ஒவ்வொரு வெட்டுக்கும் இருபுறமும் இரண்டு வினாடி கூடுதலாக விட்டு. வேக மாற்றம் செய்த இடங்களில் இன்னும் சில பாக்கி இருக்கின்றன. அவற்றைப் பழைய கணினியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேகம் மாறும் புள்ளிகளை ஒவ்வொன்றாக, கீஃபிரேம் கீஃபிரேமாகத்தான் செய்ய வேண்டும்.